கிணறில்லாத காணி

எனக்கு மத்தியான நித்திரையிலை ஒரு காணி வரும். ஒடுக்கமா, நீளமா, வடக்குத் தெற்காக் கிடக்கிற ஒரு துண்டு. அதிலை கிணறு இல்லை, துலா இல்லை. எண்டாலும் பயிர் வாடிக் கிடந்து நான் கண்டதில்லை. அயலட்டைக் கிணறுகளின்ரை தண்ணி சின்னச் சின்ன வாய்க்காலாலை உள்ளுக்கை வந்துகொண்டே இருக்கும். வாற தண்ணி சிவப்பு, போற தண்ணி நீலம். எனக்கு ஒரு பயமும் இராது. வெறுங்காலோடை வரம்பிலை நடந்துகொண்டு, இஞ்சை எங்கையோதான் இவர் நிப்பார் எண்டு தேடிக்கொண்டு போவன். வெய்யில் இருக்கும், சூடு இராது. நடக்க நடக்க வரம்பு முடியாது. பேந்து ஆரோ படலையைத் தட்டுவினம், நான் முழிச்சிடுவன்.

விசர்க் கனவு எண்டு நினைப்பியள். நினையுங்கோ. அது காணியே இல்லை, மனிசன்ரை உணவுக் குழாய். அதுக்கு எங்கையெங்கை இருந்து இரத்தம் வருகுது, எந்த வழியாலை திரும்பிப் போகுது எண்டு ஒரு டாக்குத்தர் கீறித் தந்த படம். அந்தக் கடுதாசி இப்பவும் என்ரை அலுமாரிக்குள்ளை, சேலைக்கு அடியிலை கிடக்கு. மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சுபோச்சு. நான் படிச்சது ஐந்தாம் வகுப்பு. எண்டாலும் அந்த ஒரு குழாயைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ, சொல்லுறன்.

இவர் எண்டு நான் சொல்லுறது என்ரை மனிசனை. சண்டிலிப்பாயிலை எங்கடை வீட்டிலை இருந்து கூப்பிடு தூரத்திலை ஒரு சைவப் பள்ளிக்கூடம். அங்கை தமிழ் படிப்பிச்சவர். மெலிஞ்ச ஆள், மெல்லிசாக் கதைப்பார். சேட்டுப் பைக்குள்ளை எப்பவும் ஒரு பென்சில் இருக்கும். ஒரு நுனி சிவப்பு, மற்ற நுனி நீலம். பிழைக்குச் சிவப்பாலை கீறுவார், நல்லா எழுதினதுக்கு நீலத்தாலை ஒரு கோடு போடுவார். வீட்டிலையும் அந்தப் பென்சில்தான் அவர். என்ரை கறியிலை உப்புக் கூடினால் வாயாலை சொல்லமாட்டார், காத்திலை ஒரு கோடு கீறிக் காட்டுவார். சிவப்போ நீலமோ எண்டு நான் கேக்கவேணும். அவ்வளவுதான் எங்கடை பகிடி.

அந்த மெல்லிசு மனிசனுக்கு ஒரு விசயத்திலைதான் கொதி வரும். குடி. ஊரிலை சாராயம் விக்கிற தவறணையைப் பூட்டுறதோ விடுறதோ எண்டு சனம் வாக்குப் போட்ட காலம் அது. இவர் வீடு வீடா ஏறி இறங்கினார். வாக்கிலை வெண்டு தவறணையைப் பூட்டியும் போட்டினம். அதை நடத்தினவனுக்கு இவரிலை கோபம் இராதோ? ஆனால் அவன் பகிடிக்காரன். வாத்தியார் ஒரு நாளும் என்ரை வாசல் மிதிக்கேல்லை, மிதிச்சிருந்தால் பூட்டச் சொல்லியிருக்கமாட்டார் எண்டு சந்தியிலை நிண்டு சொன்னவனாம். இவர் அதைக் கேட்டிட்டுச் சிரிச்சவர்.

எனக்குக் குடியெண்டால் சிரிப்பு வராது. என்ரை ஐயா குடிச்சுத்தான் செத்தவர். பின்னேரத்திலை கராம்பு சப்பிக்கொண்டு படலையைத் திறப்பார். கராம்பு மணத்தால் இண்டைக்குக் குடிச்சிருக்கு எண்டு அர்த்தம். எனக்குப் பதின்மூண்டு வயசிலை, விறாந்தையிலை ஒரு சருவச்சட்டி நிறைய இரத்தமாச் சத்தி எடுத்து, அதோடை போனவர். அந்தச் சட்டியைக் கழுவினது நான்தான். பேந்து அதிலை ஆரும் சமைக்கேல்லை.

அதாலைதான் கலியாணம் முடிஞ்சு நாலாஞ்சடங்கு கழிஞ்ச கையோடை இவருக்குச் சொன்னன். இந்த வீடு எனக்குத் தந்த சீதனம், ஒருக்கால் உங்கடை வாயிலை மணம் கண்டால் நீங்கள் படலைக்கு வெளியிலை எண்டு. புதுப் பொம்பிளை கதைக்கிற கதையோ அது? ஆனால் என்ரை வாய் அப்பிடி. இவர் யோசிச்சிட்டு, நான் தவறணையைப் பூட்டுறன், நீர் படலையைப் பூட்டும், ரெண்டு பேரும் ஒரே வேலைதான் எண்டார். எனக்கு அண்டைக்கே இந்த மனிசனைப் பிடிச்சுக்கொண்டுது.

இனித்தான் அந்தக் கலியாணவீடு. எங்கடை சொந்தத்துக்கை ஒரு பொடிச்சிக்குக் கலியாணம். மத்தியானப் பந்தி. முன்பக்கம் மேளம், கோடிப்பக்கம் போத்தல். எங்கடை கலியாணவீடுகள் எல்லாம் அப்பிடித்தானே, வீட்டின்ரை முதுகுக்குப் பின்னாலை ஒரு கூட்டம் நிக்கும். ஆரோ இவரின்ரை காதிலை சொல்லிப்போட்டினம். இவர் எழும்பிக் கோடிக்குப் போனார். போறதை எல்லாரும் பாத்தவை. என்ன நடந்தது எண்டு பாத்தவை அங்கை நிண்ட நாலைஞ்சு பேர்தான். அவங்கள் சொல்லுவாங்களோ? போத்தலைப் பறிச்சு நிலத்திலை ஊத்தியிருக்கிறார், இழுபறியிலை பாதி இவரின்ரை வேட்டியிலையும் சால்வையிலையும். இது எனக்குப் பிறகுதான் தெரியும். பேந்து வந்து கையைக் கழுவிப்போட்டுப் பந்தியிலை இருந்தார். ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பார். வாழையிலை முழுக்க இரத்தம்.

நான் பொம்பிளையளின்ரை பக்கத்திலை பப்படம் பொரிச்சுக்கொண்டு நிண்டனான். ஓடிப்போய்த் தலையை மடியிலை வைச்சன். பொம்பிளை எண்டால் அந்த நேரம் குழறவேணும். நான் குழறேல்லை. நான் முதல் செய்தது என்ன தெரியுமோ? குனிஞ்சு மணந்து பாத்தன். சாராயம். இரத்தத்துக்கு மேலாலை, சோத்துக்கு மேலாலை, பச்சைச் சாராய மணம். என்னைச் சுத்தி நிண்டவையும் மணந்திருப்பினம். மேளம் மட்டும் நிக்காமல் அடிச்சுக்கொண்டிருந்தது.

திருக்கல் வண்டியிலை மானிப்பாய் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனம். அந்த வழி எனக்கு இப்பவும் ஒரு கனவு மாதிரித்தான் ஞாபகம். மாட்டின்ரை சலங்கை, ரெண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம், இலையெல்லாம் வெய்யிலிலை அசையாமல் நிண்டு எங்களையே பாத்துக்கொண்டிருந்தமாதிரி. இவரின்ரை முகம் மா பூசினமாதிரி வெள்ளை. வழியிலை கண்ணைத் திறந்து என்னைப் பாத்தார்.

"நான் குடிக்கேல்லை."

மூண்டு சொல்லுக் கூட இல்லை, ரெண்டே சொல்லு. அதுக்கு நான் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். கதையாதேங்கோ, இரத்தம் வரும் எண்டு சொன்னன். அது நல்ல புத்திதானே எண்டு நீங்கள் சொல்லலாம். ஆனால் அவர் என்னட்டைக் கேட்டது புத்தியில்லை. அவர் கண்ணை மூடிப்போட்டார்.

ஆசுபத்திரியிலை டாக்குத்தர் வயசான ஆள், வேதக்காரர், சட்டைப்பையிலை எப்பவும் முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி மடிச்சு வைச்சிருப்பார். வந்த உடனை கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு குடிப்பீர் எண்டு. குடிக்கிறனீரோ எண்டு கூடக் கேக்கேல்லை. இவர் தண்ணி மட்டும் எண்டார். டாக்குத்தர் வேட்டியைப் பாத்தார், மூக்கைச் சுருக்கினார், எழுதினார். நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டன். பனைக்குக் கீழை நிண்டு பால் குடிச்சாலும் கள்ளெண்டுதான் சொல்லுவினம் எண்டு அண்டைக்கு ஆருக்கும் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நானே கள்ளெண்டுதானே நினைச்சுக்கொண்டு நிண்டனான்.

இவரை அசையாமல் கிடக்கச் சொல்லி, ஆறின பால் மட்டும் கரண்டி கரண்டியாக் குடுத்தினம். மூண்டாம் நாள் கஞ்சி குடுக்கலாம் எண்டினம். காச்சிக்கொண்டு வாறன் எண்டு நான் வீட்டை வந்தன். வந்தது கஞ்சிக்கில்லை. போத்தல் தேட.

ஐயா ஒளிச்சு வைக்கிற இடம் எல்லாம் எனக்குப் பாடம். அரிசிப் பானைக்குள்ளை கைவிட்டன். மாட்டுக் கொட்டில் கூரையைக் கிளறினன். அடுக்கிக் கிடந்த புகையிலையைப் பிரிச்சுக் கொட்டித் தும்மினன். கடைசியா இவரின்ரை பெட்டகம். அடியிலை, பழைய கொப்பியளுக்குக் கீழை, தக்கை இறுக்கின ஒரு தட்டைச் சாராயப் போத்தல். பாதி நிறைஞ்சு கிடந்தது. நான் நிலத்திலை இருந்திட்டன். சந்தோசம் மாதிரி ஒண்டு வந்தது எண்டால் நம்புவியளோ? நான் சொன்னது சரி எண்ட சந்தோசம். நாசமாப் போன சந்தோசம். அந்த அறை இருட்டு. தக்கையை இழுத்து மணந்து பாத்தன். புளிச்ச ஒரு மணம், விளங்கேல்லை. ஒரு வாய் ஊத்தினன்.

மை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குத் தூளிலை கரைச்சு வைச்சிருந்த நீல மை. துப்பினன், உப்புப் போட்டுத் தேய்ச்சன், தேசிக்காய் தேய்ச்சன். போகேல்லை. அவசரமாக் காச்சின கஞ்சி ஆறப்போகுது எண்டு அந்த உதட்டோடையே மானிப்பாய்க்கு வெளிக்கிட்டன்.

வாட்டுக்குள்ளை நான் காலடி வைக்க டாக்குத்தர் இவரின்ரை கட்டிலடியிலை நிக்கிறார். என்ரை முகத்தைப் பாத்தாரோ இல்லையோ, மனிசன் திடுக்கிட்டுப்போய் ஓடிவந்து என்ரை கையைப் பிடிச்சு நாடி பாக்கத் துவங்கிட்டார். உதடு நீலம் பூத்தால் இருதயம் பிழை எண்டுதானாம். வாங்கிலை இரு, மூச்சு முட்டுதோ, மாடியேற ஏலுமோ எண்டு ஒரே கேள்வி. எங்கடை வீட்டிலை மாடி எங்கை? கஞ்சிச் செம்போடை நான் சுவரோரத்து மர வாங்கிலை இருந்து முழிக்கிறன்.

"அது மை, டாக்குத்தர்," எண்டு இவர் கட்டிலிலை கிடந்தபடி சொன்னார். அவ்வளவுதான். என்னை ஒருக்காப் பாத்தார். பிள்ளையின்ரை கொப்பியிலை பிழை கண்டு, அதைக் கீறாமல் விடுற நேரம் அவர் பாக்கிற ஒரு பார்வை இருக்கு. அது.

டாக்குத்தர் சிரிச்சார். வீட்டை என்ன நடந்தது எண்டு அவருக்குத் தெரியாது. நல்ல மனநிலையிலை கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தான் முதல் நாள் நினைச்சது பிழை போலை கிடக்கு எண்டார். ஈரலைத் தடவிப் பாத்ததாம், குடிகாரன்ரை ஈரல் மாதிரி இல்லையாம். ஆனால் இடது விலாவுக்குக் கீழை மண்ணீரல் பெருத்துப்போய்க் கிடக்காம். பேந்து இவரிட்டையே அந்தச் சிவப்பு நீலப் பென்சிலை வாங்கி, ஒரு கடுதாசியை மடியிலை வைச்சுக் கீறத் துவங்கினார்.

தொண்டையிலை இருந்து வயிறு மட்டும் நெட்டுக்கு ஒரு குழாய். இதுக்குத் தனக்கெண்டு பெரிய நாடி ஒண்டும் இல்லை எண்டார். இருதயத்துக்கு இருக்கு, ஈரலுக்கு இருக்கு, இதுக்கு இல்லை. போற வழியெல்லாம் அயலட்டையிட்டை வாங்கித்தான் சீவிக்குது. கழுத்துக்குள்ளை போகேக்கை, குரல்வளைக்குப் பக்கத்திலை ஒரு சுரப்பி இருக்காம், அதுக்கு வாற நாடியிலை ஒரு கிளை. நெஞ்சுக்குள்ளை இறங்கினால், முதுகோடை ஓடுற பெரிய நாடியிலை இருந்து நேரை நாலைஞ்சு சின்னக் கிளையள், சுவாசக் குழாய்க்குப் போறதிலையும் ஒண்டு ரெண்டு. வயித்தைத் தொடுற இடத்திலை, இரைப்பைக்குப் போற நாடி கொஞ்சம் குடுக்கும். எல்லாம் சிவப்பாலை கீறினார்.

"அப்ப இது கிணறில்லாத காணி," எண்டார் இவர்.

டாக்குத்தருக்கு அது நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. ஓம், ஓம், அயல் கிணத்திலை பங்கும் வழி வாய்க்காலும் எண்டு காணி உறுதியிலை எழுதுவினமே, அது மாதிரித்தான் எண்டு சொல்லி, பென்சிலை மற்றப்பக்கம் திருப்பினார். இனி நீலம். வாற தண்ணி மூண்டு வழியாலை வந்தாலும் போற தண்ணியிலைதான் வில்லங்கம். மேல் பாதியின்ரை இரத்தம் நெஞ்சு வழியா நேரை இருதயத்துக்குப் போயிடும். கீழ்ப் பாதியின்ரை இரத்தம் இரைப்பை நாளத்தோடை சேர்ந்து ஈரலுக்குப் போய், ஈரலுக்காலைதான் வெளியிலை வரவேணும். ரெண்டு வாய்க்காலும் இந்தக் காணிக்குள்ளைதான் ஒண்டையொண்டு தொட்டுக்கொண்டு கிடக்கு. ஈரல் வாசல் திறந்து கிடக்கு மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லை. அது அடைச்சால்? இரைப்பையின்ரை, மண்ணீரலின்ரை தண்ணி எல்லாம் திரும்பி மேலை ஏறும், இந்தச் சின்ன வாய்க்காலுக்காலை. அது தாங்குமோ? புடைக்கும், முறுகும், ஒரு நாள் வரம்பு உடைக்கும்.

குடியாலை ஈரல் இறுகினாலும் அடைக்கும், அது உங்கடை ஐயாவுக்கு எண்டு என்னைப் பாத்துச் சொன்னார். ஐயாவின்ரை கதையை நான்தான் முதல் நாள் சொன்னனான். ஆனால் குடியாமலும் அடைக்கலாம். சின்னப் பிள்ளையிலை தொப்புள் பழுத்தால், அந்த நஞ்சு தொப்புள் கொடியின்ரை வழியாலை உள்ளுக்கை ஏறி, ஈரல் வாசல் நாளத்தை அடைச்சுப் போடுறது உண்டாம். அடைச்சது இருபது முப்பது வருசம் சத்தமில்லாமல் கிடக்குமாம்.

மாமி, இவரின்ரை தாய், கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு நிலத்திலை இருந்தவ. உடனை எழும்பினா. என்ரை பிள்ளைக்குத் தொப்புள் ஆறவே இல்லை, மருத்துவிச்சி என்னவோ அரைச்சு அப்பினாள், நாப்பது நாளாச் சீழ், கும்பிடாத கோயில் இல்லை எண்டு குழறத் துவங்கிட்டா. முப்பது வருசத்துக்கு முந்தின சீழுக்கு அண்டைக்கு அழுதா.

நான் அந்த நேரம் நம்பினன். அந்த வாங்கிலை, நீல உதட்டோடை, செம்பை மடியிலை வைச்சுக்கொண்டு முழுசா நம்பினன். என்ரை நெஞ்சிலை கிடந்த கல்லு இறங்கிப் போச்சு. ஆனால் வாயாலை சொல்லேல்லை. சொல்ல வெக்கம். அதோடை என்ரை வாய் ஏசப் பழகின வாய், பிழை எண்டு சொல்லப் பழகேல்லை. கஞ்சியை ஆத்திக் கரண்டியாலை குடுத்தன். அதுவே போதும், அதுக்குள்ளை எல்லாம் இருக்கு எண்டு நினைச்சன்.

ஊர் வாயை மூட உலைமூடி காணாது எண்டுவினம். மாமி மூடிப்போட்டா. சண்டிலிப்பாய் முழுக்க, போற இடம் வாற இடமெல்லாம் மகன்ரை தொப்புளைப் பற்றித்தான் கதை. முப்பது வயசு தாண்டின வாத்தியாரின்ரை தொப்புள் எண்டு இவருக்கு வெளிக்கிட்டுப் போக ஏலாமல் கிடந்தது. ஒரு மாதத்திலை ஊர் அந்தச் சாராயக் கதையை விட்டிட்டுத் தங்கடை தங்கடை பிள்ளையளின்ரை தொப்புளைப் பாக்கத் துவங்கிட்டுது. தவறணைக்காரன் கூட வந்து, வாத்தியார், நான் அப்பவே சொன்னன்தானே, நீங்கள் என்னட்டை வாங்கினதில்லை எண்டு பகிடி விட்டிட்டுப் போனவன். கோடிக்குள்ளை ஊத்தின கதையையும் அவன்தான் எனக்குச் சொன்னவன். எல்லாரும் இவருக்கு ஏதோ ஒரு விதத்திலை சொல்லிப்போட்டினம். நான் மட்டும்தான் மிச்சம்.

ஆசுபத்திரியாலை வந்த பிறகு இவரிலை ரெண்டு மாற்றம். ஒண்டு, வெத்திலையை விட்டிட்டார். சாப்பிட்ட பிறகு ஒரு வாய் வெத்திலை இல்லாமல் இருக்கமாட்டாத மனிசன். டாக்குத்தர் காரம் கூடாது, முள்ளு மீன் கூடாது, முக்கக் கூடாது எண்டு சொன்னாரே ஒழிய வெத்திலையைப் பற்றி மூச்சும் விடேல்லை. கேட்டதுக்கு, வாய் சும்மா இருக்கட்டும் எண்டார்.

மற்றது, பின்னேரம். முந்தியெல்லாம் பள்ளிக்கூடத்தாலை வந்தால் நேரை கிணத்தடி, கால் முகம் கழுவி, திருநீறு பூசி, பிறகுதான் மற்றது. இப்ப படலையைத் திறந்தால் நேரை குசினி. நிலைப்படியிலை ஒரு கையை ஊண்டி, என்ரை முகத்துக்குக் கிட்டக் குனிஞ்சு, இண்டைக்கு என்ன கறி எண்டு கேப்பார். ஒவ்வொரு நாளும். அவ்வளவு கிட்ட. பேந்துதான் கிணத்தடிக்குப் போவார்.

முதல் சில நாள் என்ரை மூக்கு தன்ரை பாட்டிலை வேலை செய்தது, பொய் சொல்லக்கூடாது. நான் நம்பினன், ஆனால் மூக்குக்கு ஆரும் படம் கீறிக் காட்டேல்லைத்தானே. பதின்மூண்டு வயசிலை பழகின மூக்கு. ஒரு மாதமோ என்னவோ, பிறகு அதுவும் மறந்துபோச்சு. அதுக்குப் பிறகு எனக்கு அந்தப் பின்னேரம் பின்னேரமா மட்டும் வந்தது.

ஐயோ, அதை எப்பிடிச் சொல்ல. மத்தியானம் திரும்பினால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. புகை யன்னலாலை போகும், வெளியிலை வாழையிலை வெய்யில் சரியும், பூனை அடுப்படியிலை கிடக்கும். படலைச் சத்தம் கேக்க நான் கேக்காதமாதிரி அம்மியைப் பாத்துக்கொண்டு நிப்பன். நிழல் நிலைப்படியிலை விழும். சோக்குத்தூள் மணம் கிட்ட வரும். இண்டைக்கு என்ன கறி? கத்தரிக்காய் எண்டுவன். நேற்றும் கத்தரிக்காய்தான். கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு மனிசன் ஒவ்வொரு நாளும் கால் கழுவ முதல் என்னைத் தேடி வாறார் எண்டு எனக்குக் கர்வம். பிள்ளை இல்லாத வீடு எங்கடை. இது போதும் எண்டு நான் கும்பிடேக்கை நல்லூரானிட்டை வேறை ஒண்டும் கேக்கிறதில்லை.

ஏழு வருசம். இடையிலை ஒருக்கா இரத்தம் வந்தது, கொஞ்சம், ஆசுபத்திரியிலை கிடந்து எழும்பி வந்திட்டார். அந்தப் படத்தைச் சிலநேரம் விரிச்சு வைச்சு ரெண்டு பேரும் பாப்பம். எந்த வாய்க்கால் உடைச்சிருக்கும் எண்டு அவர் நீல நுனியாலை காட்டுவார், தோட்டத்துக்குத் தண்ணி மாறுற ஆக்கள் கதைக்கிறமாதிரி. எனக்கு அது வருத்தமாத் தெரியிறதில்லை, ரெண்டு பேருக்கும் சொந்தமான ஒரு காணி மாதிரித்தான் கிடந்தது. கனவும் அப்பதான் வரத் துவங்கினது.

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் சாப்பிட்டிட்டு விறாந்தையிலை சரிஞ்சவர், எழும்பி இருந்து, இஞ்சாரும் எண்டு கூப்பிட்டார். நான் வாறதுக்கிடையிலை பக்கத்திலை கிடந்த கோப்பை இரத்தத்தாலை நிறைஞ்சுபோச்சு. வண்டிக்கு ஆளை அனுப்பிப்போட்டு நான் அவரைச் சுவரோடை சாத்தி வைச்சு, வாயைத் துடைச்சன். இந்த முறை வரம்பு பெரிசா உடைச்சிட்டுது எண்டு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வெளியிலை நல்ல வெய்யில். வண்டி வரேல்லை.

அவர் என்ரை தோளைப் பிடிச்சுக் கிட்ட இழுத்தார். முகத்தை அந்தக் குசினி நிலைப்படியிலை கொண்டு வாறமாதிரியே கொண்டு வந்தார்.

"மணந்து பாரும்."

எனக்கு விளங்கேல்லை. என்ன எண்டு கேட்டன்.

"ஒவ்வொரு நாளும் பாக்கிறனீர்தானே. இண்டைக்கும் பாரும்."

அப்பதான் எனக்கு விளங்கினது. நீல உதட்டைக் கண்ட அண்டையிலை இருந்து, ஏழு வருசமா, அந்த மனிசன் பின்னேரம் பின்னேரமாத் தன்ரை வாயைக் கொண்டுவந்து எனக்குக் காட்டியிருக்கு. கழுவ முதல், வாயைக் கழுவிப்போட்டு வந்ததா நான் நினைக்கக் கூடாதெண்டு. வெத்திலையை விட்டது, வெத்திலை மணம் வேறை மணத்தை மூடும் எண்டு. ஐயாவின்ரை கராம்புக் கதையைச் சொன்னது நான்தானே. நான் கத்தரிக்காய் எண்டு சொல்லிக் கர்வப்பட்டுக்கொண்டு நிண்டனான்.

நான் அந்தப் பழக்கத்தை எப்பவோ விட்டிட்டன் எண்டு சொன்னன். முதல் மாதத்தோடையே விட்டிட்டன், டாக்குத்தர் கீறின அண்டைக்கே நம்பிட்டன், சத்தியமா நம்பிட்டன் எண்டு ஏழு வருசத்துச் சொல்லையும் ஒரே மூச்சிலை சொன்னன். அழுகையிலை பாதி வெளியிலை வந்துதோ தெரியாது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நீர் விட்டிட்டீர், நான் விடேல்லை எண்டார். பேந்து அந்தத் தமிழ் வாத்தியாருக்கு அந்த நேரத்திலையும் ஒரு பகிடி வந்தது.

"மணந்தவள் மணந்து பாக்கிறதிலை என்ன பிழை?"

சொல்லிப்போட்டுக் காத்திலை விரலாலை ஒரு கோடு கீறினார். சிவப்போ நீலமோ எண்டு நான் கேக்கேல்லை. கேக்காமல் விட்ட ஒரே தரம் அதுதான்.

நான் குனிஞ்சு மணந்து பாத்தன். இரத்த மணம் இருந்தது. கொஞ்சம் கத்தரிக்காய்க் கறி மணம் இருந்தது. ஒண்டும் இல்லை எண்டு சொன்னன். அவர் தலையை ஆட்டினார், என்ரை தோளிலை சாய்ஞ்சார், வண்டி வந்து நிக்குமட்டும் அப்பிடியே இருந்தார்.

இப்ப கனவிலை வரம்பாலை நடந்து போகேக்கை, கண்டால் முதல் என்ன சொல்லவேணும் எண்டு சரியா ஆயத்தப்படுத்தி வைச்சிருக்கிறன். கறியை அவர் கேக்க முதல், அண்டைக்கு வண்டியிலை சொல்லாமல் விட்ட அந்த ஓமைச் சொல்லவேணும். ஒவ்வொரு நாளும் அதுக்கு முதல் ஆரோ படலையைத் தட்டிப்போடுகினம்.